புதிய ராணுவக் கூட்டணி வந்தால் பிராந்திய அமைப்புகளுக்கு என்ன ஆகும்?

கேள்வி இதுதான்: ஒரு பிராந்தியத்தில் புதிதாக ஒரு ராணுவக் கூட்டணி முளைத்தால், அங்கே ஏற்கெனவே இயங்கிவரும் ஒத்துழைப்பு அமைப்புகள் (தென்கிழக்கு ஆசிய நாடுகளின் ஆசியான், மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் எக்கோவாஸ் போன்றவை) பலவீனமாகுமா, பலப்படுமா? இரண்டுக்கும் வரலாற்றில் உதாரணம் இருக்கிறது. அதனால்தான் பலரும் குழம்பிப்போகிறார்கள். நான் முதலில் பார்ப்பது ஒரே ஒரு விஷயத்தை. அந்தக் கூட்டணி யாரை எதிரியாக மனதில் வைத்துக் கட்டப்பட்டது? அவர் பிராந்திய அமைப்புக்கு வெளியே இருக்கிறாரா, உள்ளே உறுப்பினராகவே உட்கார்ந்திருக்கிறாரா? வெளியே இருந்தால் அமைப்பு பிழைத்துக்கொள்ளும், சில சமயம் வளரவும் செய்யும். உள்ளே இருந்தால், பெயர்ப்பலகை தொங்கிக்கொண்டிருக்கும், வேலை நின்றுபோகும். படை எவ்வளவு பெரியது, ஒப்பந்தத்தில் எத்தனை பிரிவுகள் என்பதெல்லாம் இதற்கு அடுத்துதான்.

எதிரி வெளியே இருந்ததற்கு எல்லோரும் காட்டும் உதாரணம் மேற்கு ஐரோப்பா. 1949 ஏப்ரலில் அமெரிக்கா தலைமையிலான ராணுவக் கூட்டணியான நேட்டோ பிறந்தது. இரண்டே ஆண்டில், 1951-ல், பிரான்ஸ், மேற்கு ஜெர்மனி, இத்தாலி, பெல்ஜியம், நெதர்லாந்து, லக்சம்பர்க் ஆகிய ஆறு நாடுகள் தங்கள் நிலக்கரியையும் எஃகையும் ஒரே பொது அதிகாரத்தின் கீழ் கொண்டுவரும் பாரிஸ் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டன. நிலக்கரியும் எஃகும் அன்றைக்குப் பீரங்கி செய்யும் சரக்கு. ஜெர்மனியின் ஆலைகள் மறுபடி புகைய ஆரம்பித்தால் நம் கதி என்ன என்ற பயம் பிரான்ஸுக்கு இருந்தது. அமெரிக்கப் படை ஜெர்மன் மண்ணிலேயே தங்கியிருந்ததால் அந்தப் பயம் தணிந்தது, பேரம் பேச மனம் வந்தது. எல்லோரும் அஞ்சிய சோவியத் ஒன்றியம் அந்த ஆறு பேர் மேசையில் இல்லை.

அங்கேயும் எல்லாம் சுமுகமாகப் போய்விடவில்லை. இதே ஆறு நாடுகள் 1952-ல் ஒரு பொது ஐரோப்பிய ராணுவத்துக்கே ஒப்பந்தம் போட்டன. 1954 ஆகஸ்ட் 30 அன்று பிரெஞ்சு நாடாளுமன்றம் அதைத் தூக்கி எறிந்தது. அடுத்த ஆண்டு மேற்கு ஜெர்மனி நேட்டோவில் சேர்ந்தது. 1957-ல் ரோம் ஒப்பந்தத்தில் பொதுச் சந்தைக்குக் கால்கோள் இட்டார்கள். படை விவகாரம் நேட்டோவிடம் போய்ச் சேர்ந்ததும், சுங்கவரி, விவசாயம் என்று மற்ற வேலைகள் சூடுபிடித்தன. 'முதலில் பாதுகாப்பு, அப்புறம் ஒத்துழைப்பு' என்று சொல்கிறவர்கள் இந்தக் கதையைத்தான் எடுத்துவைப்பார்கள். ஆனால் அந்த ஆறு பேரும் ஒரே கூட்டணியில் இருந்தார்கள், ஒரே வல்லரசுக்குப் பயந்தார்கள், பாதுகாப்புச் சுமையின் பெரும்பகுதியை அமெரிக்கா தூக்கியது. இந்த மூன்றும் ஒன்றாக அமைந்த இன்னொரு பிராந்தியத்தைக் காட்டுவது கஷ்டம்.

மற்ற இடங்களில் உறுப்பினர்களில் சிலர் கூட்டணியில் இருப்பார்கள், சிலர் இருக்க மாட்டார்கள். அந்தக் கூட்டணி யாரை எதிர்க்கிறதோ அவரே சிலருக்கு முக்கிய வாடிக்கையாளராக இருப்பார். இந்த அமைப்புகள் பெரும்பாலும் கருத்தொற்றுமையில் ஓடுகிறவை: ஒருவர் தலையாட்டவில்லை என்றால் தீர்மானம் கிடையாது. இப்படிப்பட்ட இடத்தில் ஒரு உறுப்பினர் வெளியே கொடுத்த ராணுவ வாக்குறுதி மெல்ல மெல்ல எல்லோருடைய பிரச்சினையாகிவிடும். உதாரணமாக, கடல் கண்காணிப்புத் தகவலைப் பகிர்ந்துகொள்ளலாம் என்று ஒரு செயற்குழு பேசிக்கொண்டிருக்கிறது என்று வையுங்கள். கூட்டாளி நாட்டிலிருந்து வந்த தகவலை அந்த நாட்டின் அனுமதி இல்லாமல் மூன்றாமவருக்குத் தரக்கூடாது என்பது ராணுவ ஒப்பந்தங்களில் வழக்கமான நிபந்தனை. எனவே கூட்டணியில் இருக்கும் நாட்டின் அதிகாரி வாயை மூடிக்கொள்வார். நாம் சொல்வது எங்கே போய்ச் சேருமோ என்ற சந்தேகத்தில் மற்றவர்களும் அளந்து பேசுவார்கள். உச்சி மாநாட்டில் சண்டை வெடிப்பதற்கு ரொம்ப முன்னாலேயே, அதிகாரிகள் மட்டக் கூட்டங்களில் பேச்சு மெலிந்துவிடும்.

இன்னொன்று, ஆள் பற்றாக்குறை. சிறிய நாடுகளின் வெளியுறவு அமைச்சகத்தில் இரண்டு வேலையையும் பார்ப்பது ஒரே சில பேர்தான். ராணுவ ஒப்பந்தத்துக்குக் கூட்டுப் பயிற்சித் தேதி இருக்கும், தளவாடம் வரும், பணம் வரும். பிராந்திய அமைப்பின் கோப்பில் அடுத்த கூட்டத்துக்கான நிகழ்ச்சி நிரல் இருக்கும். திறமையான அதிகாரி எந்தப் பக்கம் அனுப்பப்படுவார் என்பதை யோசித்துப் பாருங்கள். இது செய்தித்தாளில் வராது, ஆனால் சில ஆண்டுகளில் அமைப்பின் தரத்தில் தெரிந்துவிடும்.

ஆசியானைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். அது கூட்டணிகளின் நடுவிலேயே பிறந்து வளர்ந்த அமைப்பு. 1954-ல் மணிலாவில் சியாட்டோ என்ற ராணுவக் கூட்டணி அமைந்தது. பெயரில் தென்கிழக்கு ஆசியா இருந்தாலும், அந்தப் பகுதியிலிருந்து சேர்ந்தவை பிலிப்பைன்ஸும் தாய்லாந்தும் மட்டுமே. மற்றவை அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, பாகிஸ்தான். 1967 ஆகஸ்ட் 8 அன்று பாங்காக்கில் ஆசியானைத் தொடங்கியவர்களைப் பாருங்கள்: சியாட்டோவில் இருந்த அந்த இருவர், பிரிட்டனோடு பாதுகாப்பு ஏற்பாடு வைத்திருந்த மலேசியாவும் சிங்கப்பூரும், அணிசேரா இந்தோனேசியா. இந்த ஐவரும் எப்படி ஒத்துப்போனார்கள்? பாங்காக் பிரகடனத்திலேயே அதற்கு ஒரு வரி எழுதினார்கள். அந்நிய ராணுவத் தளங்கள் எல்லாம் தற்காலிகமானவை, சம்பந்தப்பட்ட நாடுகளின் வெளிப்படையான சம்மதத்தோடு மட்டுமே இருப்பவை என்றது அந்த வரி. முதல் பாதி இந்தோனேசியாவுக்குப் போதுமானதாக இருந்தது, இரண்டாம் பாதி பிலிப்பைன்ஸுக்கு. அதற்காக யாரும் தளத்தை மூடவில்லை, யாரும் எழுந்து போகவும் இல்லை.

இப்படிப் பிடிகொடுக்காமல் எழுதுவதைக் கோழைத்தனம் என்று விமர்சிக்கிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. சியாட்டோ 1977-ல் கலைந்துபோனது. ஆசியான் 1976-ல் பாலியில் நட்புறவு ஒப்பந்தமும், 1995-ல் அணு ஆயுதமற்ற மண்டல ஒப்பந்தமும் செய்துகொண்டு, 2025 அக்டோபரில் திமோர் லெஸ்தேயையும் சேர்த்து 11 நாடுகளாக நிற்கிறது. கூட்டணியில் இருப்பவரையும் இல்லாதவரையும் ஒரே கூரையின் கீழ் வைத்திருக்க அந்த நெகிழ்வு தேவைப்பட்டது.

2021 செப்டம்பர் 15 அன்று ஆஸ்திரேலியா, பிரிட்டன், அமெரிக்கா மூன்றும் ஆக்கஸ் கூட்டணியை அறிவித்தன. அணுசக்தியில் ஓடும் நீர்மூழ்கிகளை ஆஸ்திரேலியாவுக்குத் தருவது அதன் முதல் திட்டம். மூவரில் ஒருவரும் ஆசியான் உறுப்பினர் இல்லை, அவர்கள் மனதில் வைத்திருக்கும் சீனாவும் இல்லை. அப்படியானால் நான் முதலில் சொன்ன கணக்குப்படி ஆசியானுக்குப் பெரிய பாதிப்பு இருக்கக்கூடாது. உண்மையில் அமைப்பு உடையவில்லைதான். ஆனால் குரல் சிதறியது. ஆயுதப் போட்டி பற்றி ஆழ்ந்த கவலை என்றது இந்தோனேசியா. மலேசியாவும் அதே தொனியில் எச்சரித்தது. பிலிப்பைன்ஸ் வெளியுறவு அமைச்சர் வரவேற்றார். சிங்கப்பூர் பதற்றப்பட ஒன்றுமில்லை என்ற நிலையில் நின்றது. ஆசியானின் பொது நிலைப்பாடு என்று ஒன்று வரவே இல்லை. சீனா உறுப்பினராக இல்லாவிட்டாலும் அந்தப் பிராந்தியத்தின் மிகப் பெரிய வர்த்தகக் கூட்டாளி. அவர்கள் பேசும் ஒவ்வொரு வாக்கியத்திலும் அந்தக் கணக்கு இருக்கும்.

காரணம் எது, விளைவு எது என்பதிலும் கவனம் வேண்டும். கூட்டணி வந்ததால் பிராந்திய அமைப்பு பலவீனமானது என்று பொதுவாகச் சொல்கிறோம். பல இடங்களில் வரிசை தலைகீழ். 2012 ஜூலையில் புனோம் பென்னில் ஆசியான் வெளியுறவு அமைச்சர்கள் கூடினார்கள். தென்சீனக் கடலில் ஸ்கார்பரோ திட்டில் சீனாவோடு தாங்கள் மோதிய விவகாரம் கூட்டறிக்கையில் இடம்பெற வேண்டும் என்று பிலிப்பைன்ஸ் கேட்டது. அந்த ஆண்டு தலைமை வகித்த கம்போடியா அது இருதரப்பு விவகாரம் என்று மறுத்தது. வர்த்தகம், சுகாதாரம், கல்வி என்று நூற்றுக்கும் மேற்பட்ட பத்திகளில் ஏற்கெனவே உடன்பாடு இருந்தது. இந்த ஒரு விஷயத்துக்காக முழு அறிக்கையும் போனது. 45 ஆண்டுகளில் முதல் முறையாக அமைச்சர்கள் கூட்டறிக்கை இல்லாமல் ஊர் திரும்பினார்கள்.

அதற்குப் பிறகு பிலிப்பைன்ஸ் என்ன செய்தது என்று வரிசையாகப் பாருங்கள். 2013 ஜனவரியில் சர்வதேச நடுவர் மன்றத்துக்குப் போனது. 2014-ல் தன் தளங்களை அமெரிக்கப் படை பயன்படுத்த ஒப்பந்தம். 2023-ல் அந்தத் தளங்கள் ஐந்திலிருந்து ஒன்பது ஆயின. 2024 ஜூலையில் ஜப்பானோடு படைகள் வந்துபோக ஒப்பந்தம். பிராந்திய மேசையில் பதில் கிடைக்காதவர் வெளியே போய்த் தேடிக்கொண்டார். இதில் கூட்டணியை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நியாயமில்லை.

2023 செப்டம்பரில் ஆசியான் நாடுகள் முதல் முறையாகத் தாங்கள் மட்டுமே சேர்ந்து ஒரு கூட்டு ராணுவப் பயிற்சி நடத்தின. இந்தோனேசியா முதலில் அறிவித்த இடம் வடக்கு நத்துனா கடல். சீனா உரிமை கோரும் பகுதியோடு உரசும் நீர்ப்பரப்பு அது. பிறகு பயிற்சி தெற்கு நத்துனாவுக்கு மாற்றப்பட்டது. போர்ப் பயிற்சி எதுவும் இல்லை, பேரிடர் மீட்பும் கடல் ரோந்தும்தான். எவ்வளவு தூரம் போகலாம் என்பதில் அவர்களுக்குள் இருந்த எல்லைக்கோடு அந்த வரைபடத்திலேயே தெரிந்தது.

அடுத்தது மேற்கு ஆப்பிரிக்கா. இங்கே கூட்டணி பிராந்திய அமைப்பை உண்மையிலேயே பிளந்தது. 1975 மே மாதம் லாகோஸில் தொடங்கிய எக்கோவாஸ் பெரிய சாதனைகள் செய்த அமைப்பு. உறுப்பு நாட்டுக் குடிமகன் விசா இல்லாமல் இன்னொரு உறுப்பு நாட்டில் 90 நாள் தங்கலாம் என்ற விதிக்கு 1979-ல் அடித்தளம் போட்டது. 1978-ல் ஒருவரையொருவர் தாக்குவதில்லை என்ற நெறிமுறையும் 1981-ல் பரஸ்பரப் பாதுகாப்பு நெறிமுறையும் எழுதியது, 1990-ல் லைபீரியாவுக்குப் படையும் அனுப்பியது. அதாவது சந்தை வேலையும் படை வேலையும் ஒரே அமைப்பிடம் இருந்தன.

2020-லிருந்து மாலியிலும் புர்கினா ஃபாசோவிலும் அடுத்தடுத்து ராணுவப் புரட்சிகள். 2023 ஜூலை 26 அன்று நைஜரில் ஜனாதிபதி முகமது பசூமைச் சிறைவைத்து ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. நான்கே நாளில் எக்கோவாஸ் எல்லைகளை மூடியது, பிராந்திய மத்திய வங்கியில் நைஜரின் கணக்குகளை முடக்கியது, ஒரு வாரத்தில் பசூமை விடுவிக்காவிட்டால் படைபலத்தைப் பயன்படுத்தவும் தயங்க மாட்டோம் என்றது. நைஜீரியா மின்சாரத்தை நிறுத்தியது. நைஜரின் மின்சாரத்தில் பெரும்பகுதி அங்கிருந்துதான் வந்துகொண்டிருந்தது. உடனே மாலியும் புர்கினா ஃபாசோவும் 'நைஜர் மீது படையெடுத்தால் எங்கள் மீது போர் தொடுத்ததாக எடுத்துக்கொள்வோம்' என்று அறிவித்தன. செப்டம்பர் 16 அன்று மூன்றும் சேர்ந்து லிப்டாகோ-கூர்மா சாசனத்தில் கையெழுத்திட்டன. ஒருவரின் இறையாண்மை மீதான தாக்குதல் மற்றவர்கள் மீதான தாக்குதல் என்பது அதன் உயிர்ப் பிரிவு. தீவிரவாதிகளைச் சமாளிப்பது அறிவிக்கப்பட்ட நோக்கம். அந்த மாதத்தில் கையெழுத்துப் போட வைத்தது எக்கோவாஸின் மிரட்டல்.

மூன்று நாடுகளும் சந்திக்கும் எல்லைப் பகுதிக்குத்தான் லிப்டாகோ-கூர்மா என்று பெயர். இதே மூன்று நாடுகள் இதே பகுதிக்காக 1970-ல் ஒரு கூட்டு ஆணையம் அமைத்தன. தாது வளம், நீர், மின்சாரம், விவசாயம் ஆகியவற்றைச் சேர்ந்து வளர்ப்பதற்கான ஆணையம் அது. அரை நூற்றாண்டுக்குப் பிறகு அதே மூவர் அதே மண்ணின் பெயரில் எழுதிக்கொண்டது ராணுவச் சாசனம். எனக்கு இதைப் படிக்கும்போதெல்லாம் வருத்தமாக இருக்கும்.

தடை யாரைத் தாக்கியது என்பதை நைஜர் ஆற்றங்கரையில் பார்க்கலாம். பெனின் பக்கம் மலான்வில், நைஜர் பக்கம் காயா, நடுவில் ஒரு பாலம். கடலே இல்லாத நைஜருக்குச் சரக்கு முக்கியமாக பெனினின் கொட்டோனு துறைமுகத்திலிருந்து இந்தப் பாலம் வழியாகத்தான் வரும். எல்லை மூடப்பட்டதும் உணவு ஏற்றிய லாரிகள் மலான்வில்லில் கிலோமீட்டர் கணக்கில் வரிசையாக நின்றன. ஆட்களும் மூட்டைகளும் ஓடத்தில் ஆற்றைக் கடந்தார்கள். 2024 பிப்ரவரியில் எக்கோவாஸ் தடையை நீக்கியது. பெனின் மீது சந்தேகம் கொண்டிருந்த நைஜர் ஆட்சியாளர்கள் அதன் பிறகும் தங்கள் பக்கம் திறக்கவில்லை. தடை போட ஒரு தீர்மானம் போதும். போன நம்பிக்கையைத் திரும்பக் கொண்டுவர எந்தத் தீர்மானமும் போதாது.

2024 ஜனவரி 28 அன்று மூன்று நாடுகளும் எக்கோவாஸை விட்டு விலகுவதாக அறிவித்தன. விதிப்படி ஓராண்டு முன்னறிவிப்பு. 2025 ஜனவரி 29 அன்று விலகல் நடைமுறைக்கு வந்தது. மக்கள்தொகையில் அவர்கள் பங்கு குறைவு, ஆனால் எக்கோவாஸின் நிலப்பரப்பில் பாதிக்கு மேல் அவர்களுடையதாக இருந்தது. இதற்கிடையில் 2024 ஜூலையில் ராணுவ ஒப்பந்தம் ஒரு கூட்டமைப்பாக வளர்ந்தது. தனிப் பாஸ்போர்ட், 5,000 பேர் கொண்ட கூட்டுப் படைக்கான அறிவிப்பு, வெளியிலிருந்து வரும் சரக்குக்கு 0.5 சதவீதத் தீர்வை எல்லாம் வந்தன. ராணுவக் கூட்டணி பிராந்திய அமைப்போடு மோதியதோடு நிற்காமல், தானே ஒரு போட்டி அமைப்பாக மாறிவிட்டது. புதிய கூட்டணிகளைக் கவனிக்கிறவர்கள் இந்த வளர்ச்சியைத்தான் அதிகம் கவனிக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

எக்கோவாஸ் செய்தது தவறு என்பதே என் கருத்து. ஜனநாயகத்தைக் காக்க வேண்டும் என்ற எண்ணத்தில் குறையில்லை. 2017-ல் காம்பியாவில் தேர்தலில் தோற்ற யாஹ்யா ஜாமே பதவி விலக மறுத்தபோது எக்கோவாஸ் படையை நிறுத்தித்தான் அவரை வெளியேற்றியது. ஆனால் காம்பியா சின்ன நாடு, செனகல் அதைச் சூழ்ந்திருக்கிறது, ஜாமேவுக்குத் துணை நிற்க யாரும் இல்லை. நைஜருக்கு இரண்டு பக்கத்து வீட்டுக்காரர்கள் துணைக்குத் தயாராக இருந்தார்கள். செயல்படுத்த முடியாத மிரட்டலை விட்டால், மிரட்டப்பட்டவர் கூட்டுச் சேர்ந்துகொள்வார், மிரட்டியவர் மதிப்பிழப்பார். இரண்டும் நடந்தன.

அப்படியானால் பிராந்திய அமைப்பு ராணுவ விஷயத்தையே தொடாமல் இருந்தால் தப்பித்துவிடுமா? அந்தச் சோதனையையும் வரலாறு நடத்திவிட்டது, ஆர்க்டிக்கில். 1996-ல் ஒட்டாவா பிரகடனத்தில் எட்டு நாடுகள் ஆர்க்டிக் கவுன்சிலை அமைத்தன: அமெரிக்கா, கனடா, ரஷ்யா, நார்வே, ஸ்வீடன், பின்லாந்து, டென்மார்க், ஐஸ்லாந்து. ராணுவப் பாதுகாப்பு விஷயங்களைக் கவுன்சில் கையாளக்கூடாது என்று பிரகடனத்தின் அடிக்குறிப்பிலேயே எழுதிவைத்தார்கள். அந்த அடிக்குறிப்பு 25 ஆண்டுகள் நன்றாக வேலை செய்தது. தேடல் மீட்புக்கு 2011-லும், எண்ணெய்க் கசிவுக்கு 2013-லும், அறிவியல் ஒத்துழைப்புக்கு 2017-லும் எட்டுப் பேரும் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். கிரிமியாவை ரஷ்யா சேர்த்துக்கொண்ட 2014-லும் கவுன்சில் நிற்கவில்லை.

2022 பிப்ரவரியில் உக்ரைன் மீது முழுப் படையெடுப்பு. அப்போது கவுன்சிலின் தலைமை ரஷ்யாவிடம் இருந்தது. மார்ச் 3 அன்று மற்ற ஏழு நாடுகளும் கூட்டங்களை நிறுத்திவைத்தன. 2023 ஏப்ரலில் பின்லாந்தும் 2024 மார்ச்சில் ஸ்வீடனும் நேட்டோவில் சேர்ந்தன. இப்போது எட்டில் ஏழு நேட்டோ, மீதி ஒன்று ரஷ்யா. ஒருவர் தலையாட்டாவிட்டால் தீர்மானம் இல்லாத மேசையில் ஏழுக்கு ஒன்று என்பது பெரும்பான்மையே ஆகாது, முட்டுக்கட்டைதான். ஆர்க்டிக் கடற்கரையில் ஏறத்தாழ பாதி ரஷ்யாவுடையது. சைபீரிய உறைமண் எவ்வளவு வேகமாக உருகுகிறது என்ற அளவீடுகள் மேற்கத்திய ஆய்வாளர்களுக்கு வருவது பெரிதும் நின்றுபோனது. சாமி, இன்யூட் போன்ற பூர்வகுடி மக்களின் ஆறு அமைப்புகளுக்கு அந்தக் கவுன்சிலில் நிரந்தர இடம் உண்டு. எந்தக் கூட்டணியிலும் கையெழுத்துப் போடாத அவர்கள் எல்லைக்கு அப்பால் இருக்கும் தங்கள் உறவுகளோடு பேசும் மேடையை இழந்தார்கள். 2023 மே மாதம் தலைமை நார்வேக்குக் கைமாறி, 2024-ல் செயற்குழுக்கள் இணையவழியில் மறுபடி கூட ஆரம்பித்தன. அமைச்சர்கள் எதிரெதிரே உட்கார்ந்து பேசும் நிலை திரும்பவில்லை.

அதே ஆர்க்டிக் கடற்பகுதியில் இன்னொன்று நடந்துகொண்டிருக்கிறது. பாரென்ட்ஸ் கடலின் காட் மீனுக்காக நார்வேக்கும் ரஷ்யாவுக்கும் 1970-களிலிருந்து ஒரு கூட்டு மீன்வள ஆணையம் இருக்கிறது. நார்வே நேட்டோவைத் தொடங்கிய நாடுகளில் ஒன்று. இருந்தும் பனிப்போர் காலத்தில் சோவியத்தோடு அந்த ஆணையத்தை நடத்தியது, 2022-க்குப் பிறகும் ஆண்டுதோறும் ரஷ்யாவோடு மீன்பிடி அளவைப் பேசி முடிக்கிறது. 2025-க்கு 3,40,000 டன் என்று ஒத்துக்கொண்டார்கள். 1991-க்குப் பிறகு அதுவரை இல்லாத குறைந்த அளவு அது, மீன்வளம் சரிந்திருந்ததால் இருவருமே விட்டுக்கொடுத்தார்கள். ரஷ்யக் கப்பல்களுக்குத் துறைமுகங்களை மூடிய நார்வே, மீன்பிடிக் கப்பல்களுக்காக துரோம்சோ, கிர்கெனஸ், போட்ஸ்ஃபியூர் என்ற மூன்றை மட்டும் திறந்துவைத்தது. காட் மீன் நார்வே கரையோரம் முட்டையிடும், குஞ்சுகள் பாரென்ட்ஸ் கடலின் ரஷ்யப் பக்கம் வரை போய் வளரும். குஞ்சு மீனை ரஷ்யா வாரிவிட்டால் நார்வேக்குப் பெரிய மீன் இல்லை, நார்வே அள்ளிவிட்டால் ரஷ்யாவுக்கும் இல்லை. நிறுத்தினால் இருவருக்கும் உடனே அடி விழும் வேலை என்பதால் அது நிற்கவில்லை.

தென் அமெரிக்காவில் உனாசூர் என்ற அமைப்பு 2008-ல் உருவானது. அடுத்த ஆண்டே கொலம்பியா தன் ஏழு தளங்களை அமெரிக்கா பயன்படுத்த ஒப்பந்தம் போட முனைய, அண்டை நாடான வெனிசுலா அதைத் தன் மீது குறிவைத்ததாகப் பார்த்தது. பரிலோச்சேயில் சிறப்பு உச்சி மாநாடு கூட்டிக் காரசாரமாகப் பேசித் தற்காலிகமாகச் சமாளித்தார்கள். 2018-ல் கொலம்பியா நேட்டோவின் உலகளாவிய பங்காளி ஆனது, அதே ஆண்டில் உனாசூரிலிருந்து விலகுவதாகவும் அறிவித்தது. சந்தேகப்பட்டவரும் சந்தேகிக்கப்பட்டவரும் ஒரே மேசையில் இருந்த கதைதான் இதுவும். சார்க் அமைப்புக்குப் புதிய கூட்டணியே தேவைப்படவில்லை. இருதரப்புச் சர்ச்சைகளைப் பேசக்கூடாது என்று சாசனத்திலேயே எழுதியிருந்தும், 2014 நவம்பரில் காத்மாண்டுவில் நடந்ததுதான் அதன் கடைசி உச்சி மாநாடு.

பசிபிக் தீவுகள் இதற்கு நேர்மாறான ஒன்றைக் காட்டுகின்றன. 2022 ஏப்ரலில் சாலமன் தீவுகள் சீனாவோடு பாதுகாப்பு ஒப்பந்தம் செய்துகொண்டது. அடுத்த மாதமே பத்துத் தீவு நாடுகளையும் ஒரே ஒப்பந்தத்தில் சேர்க்க சீனா முயன்றபோது, எங்களுக்குள் கருத்தொற்றுமை இல்லை என்று சொல்லி அவை தள்ளிவைத்தன. எல்லா இடத்திலும் முட்டுக்கட்டை என்று திட்டு வாங்கும் அதே நடைமுறை இங்கே சின்ன நாடுகளுக்குக் கேடயமானது. இன்னொரு பக்கம், 2023 நவம்பரில் அந்தத் தீவு நாடுகளின் பிராந்திய அமைப்பான பசிபிக் தீவுகள் மன்றத்தின் கூட்டத்தின்போதே ஆஸ்திரேலியாவும் துவாலுவும் தனியாக ஒரு ஒப்பந்தம் அறிவித்தன. கடல் மட்டம் உயர்வதால் ஆண்டுக்கு 280 துவாலு மக்கள் ஆஸ்திரேலியாவில் குடியேறலாம். பதிலுக்கு, வேறு நாடுகளோடு பாதுகாப்பு ஏற்பாடு செய்ய ஆஸ்திரேலியாவோடு உடன்பட வேண்டும். இருதரப்பாக இப்படி ஒவ்வொருவராகப் போனால் மன்றத்தில் சேர்ந்து பேரம் பேசும் வலு குறையும். ஆனாலும் மூழ்கும் நாட்டிடம் 'மன்றத்துக்காகக் காத்திரு' என்று சொல்ல யாருக்கும் வாய் வராது.

இப்போது சூடான உதாரணம் வளைகுடா. 2025 செப்டம்பர் 9 அன்று கத்தார் தலைநகர் தோஹாவில் இஸ்ரேல் தாக்குதல் நடத்தியது. செப்டம்பர் 17 அன்று சவுதி அரேபியாவும் பாகிஸ்தானும், ஒருவர் மீதான தாக்குதல் இருவர் மீதான தாக்குதல் என்று ஒப்பந்தம் செய்துகொண்டன. சில நாட்களில் கத்தாருக்கு அமெரிக்க அதிபரின் ஆணை மூலம் தனி உத்தரவாதம் வந்தது. ஆறு நாடுகள் கொண்ட வளைகுடா ஒத்துழைப்பு கவுன்சிலுக்கு 2000-லேயே ஒரு கூட்டுப் பாதுகாப்பு ஒப்பந்தம் உண்டு. அதுவும் இதே 'ஒருவர் மீதான தாக்குதல் எல்லோர் மீதும்' என்றுதான் சொல்கிறது. இந்த முறை அச்சம் கவுன்சிலுக்கு வெளியிலிருந்து வருவதால் அமைப்பு உடையும் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் உறுப்பினர்கள் தனித்தனியாக வெளியே உத்தரவாதம் தேடும்போது அந்தப் பழைய ஒப்பந்தத்தை யாரும் நம்பவில்லை என்பது ஊருக்கே தெரிந்துவிடுகிறது.

கவுன்சில் உண்மையில் உடையும் நிலைக்குப் போனது 2017 ஜூனில், உறுப்பினர்களே கத்தாரை முற்றுகையிட்டபோது. சவுதி, அமீரகம், பஹ்ரைன் மூன்றும் எகிப்தோடு சேர்ந்து தரை, கடல், வான் வழிகளை அடைத்தன. அவர்கள் நீட்டிய 13 கோரிக்கைகளில் கத்தாரில் உள்ள துருக்கி ராணுவத் தளத்தை மூடுவதும் ஒன்று. கத்தார் மூடவில்லை, துருக்கி கூடுதல் படையையே அனுப்பியது. 2021 ஜனவரியில் அல்-உலாவில் சமாதானம் ஆகும்வரை மூன்றரை ஆண்டுகள் இழுத்தது. அந்த மூன்றரை ஆண்டும் டால்ஃபின் குழாய் வழியாக கத்தாரின் எரிவாயு அமீரகத்துக்குப் போய்க்கொண்டே இருந்தது. விமானத்தை நிறுத்தினார்கள், கப்பலை நிறுத்தினார்கள், குடும்பங்களைப் பிரித்தார்கள், அந்தக் குழாயை மட்டும் மூடவில்லை. அமீரகத்தின் மின் நிலையங்களுக்கு அந்த வாயு வேண்டும், கத்தாருக்கு அந்த வருமானமும் நல்ல பெயரும் வேண்டும்.

காட் மீனும் எரிவாயுவும் சொல்வதை, மாலி, புர்கினா ஃபாசோ, நைஜர் இருக்கும் சஹேல் பகுதியிலும் பார்க்கலாம். எக்கோவாஸை அவ்வளவு கோபத்தோடு உதறிய மூன்று நாடுகளும், சிஎஃப்ஏ பிராங்க் நாணயத்தைப் பகிரும் மேற்கு ஆப்பிரிக்கப் பொருளாதார நாணய ஒன்றியத்தை விடவில்லை. தனி நாணயம் பற்றிப் பேச்சு இருக்கிறது, ஆனால் பொது மத்திய வங்கியிலிருந்து வெளியேறுவது ஒரு அறிக்கையில் முடியும் காரியம் இல்லை. அதனால்தான், பிராந்திய அமைப்புகளை வலுப்படுத்த என்ன செய்யலாம் என்று யாராவது கேட்டால், உச்சி மாநாட்டை நம்பாதீர்கள் என்பேன். தனி அலுவலகம், தனி நிதி, ஆண்டுதோறும் முடித்தே ஆக வேண்டிய ஒரு வேலை: இந்த மூன்றும் உள்ள சின்னச் சின்ன ஏற்பாடுகளை நிறைய உண்டாக்குங்கள். தலைவர்கள் பேசாத ஆண்டுகளிலும் அவை ஓடும்.

2025 மே மாதம் எக்கோவாஸ் ஆணையத்தின் தலைவர் மாலியின் தலைநகர் பமாக்கோவுக்குப் போய் மூன்று நாட்டு அமைச்சர்களோடு பேச்சைத் தொடங்கினார். மேசையில் இருப்பவை மக்கள் போக்குவரத்து, சரக்குப் போக்குவரத்து, தீவிரவாதத்துக்கு எதிரான ஒத்துழைப்பு. முதல் இரண்டும் அந்த மூன்று நாடுகளுக்கு ஏற்கெனவே உரிமையாக இருந்தவை. அவற்றை இனி வெளியாராக நின்று ஒவ்வொரு வரியாகப் பேசி வாங்க வேண்டும். எக்கோவாஸுக்கும் அதே நிலைதான்: மூன்றாவதை, தன் வடக்கு எல்லை முழுக்க இருக்கும் மூன்று ராணுவ அரசுகளிடம் கேட்டுத்தான் பெற வேண்டும்.